பத்தியாளர்கள் – 9: ஆதாரமும் ஆத்திரமும்

சென்ற இதழை பத்தியாளர் ஹேவுட் பிரௌனின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1939 டிசம்பர் 18. வயது 51. நிமோனியா என்றார்கள் மருத்துவர்கள். நண்பர்கள் வட்டாரத்தில் வேறொரு காரணமும் பேசப்பட்டது. ஒரு பழைய நண்பர் பிரௌனைப் பொய்யர் என்று பத்திரிகையில் எழுதிவிட்டார். படுக்கையில் கிடந்த பிரௌன் அதையே நினைத்துக் குமைந்து, தூக்கம் கெட்டு, நோயோடு போராடும் தெம்பை இழந்தார் என்பது அவர்கள் கட்சி. ஒரு பத்தி ஆளைக் கொல்லுமா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அந்தப் பழைய நண்பர்தான் இந்த இதழின் நாயகர், வெஸ்ட்புரூக் பெக்லர். பத்தாண்டு கழித்து இந்த மரணத்தைப் பற்றி இன்னொருவர் எழுதிய சில வரிகள் பெக்லரை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இன்று அமெரிக்காவிலேயே பெக்லரின் பெயர் பலருக்குத் தெரியாது. 1938 அக்டோபரில் 'டைம்' வார இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்கள் அவர் பத்தியைக் காசு கொடுத்து வாங்கி வெளியிட்ட காலம் அது. வாரத்துக்கு ஆறு நாள் எழுதினார். பெரும்பாலான நாட்களில் யாராவது ஒருவரின் தோலை உரித்தார். இப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் தினம் ஒரு மணி நேரம் கோபப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இவர் பாட்டனார்.

பெக்லர் 1894 ஆகஸ்ட் 2 அன்று மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். அப்பா ஆர்தர் பெக்லர் இங்கிலாந்திலிருந்து வந்தவர், அவரும் பத்திரிகைக்காரர். ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் பத்திரிகைகளில் வேலை பார்த்த அனுபவத்தில் ஆர்தர் சொன்னதாக ஒரு வாசகம் அமெரிக்கப் பத்திரிகை உலகில் இன்றும் புழங்குகிறது: கழுத்து அறுபட்ட பெண் ஒருத்தி அலறிக்கொண்டு தெருவில் ஓடுவது போலத்தான் ஹெர்ஸ்ட் பத்திரிகை. மகன் தன் எழுத்து வாழ்வின் பதினெட்டு ஆண்டுகளை அந்த ஹெர்ஸ்ட் நிறுவனத்தில்தான் கழித்தார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரிப் பக்கம் பெக்லர் போகவில்லை. பதின்வயதிலேயே சிகாகோவில் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தபோது அந்நிறுவனம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அமெரிக்கப் போர்ச் செய்தியாளர்களிலேயே வயதில் மிக இளையவர் அவர். படைத் தலைமைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தணிக்கையாளர்களோடு முட்டிக்கொண்டு போர்முனையிலிருந்து விலக நேர்ந்தது. 1918-இல் கடற்படையில் சேர்ந்தார். பெரிய மனிதர்கள் மீது அவருக்கிருந்த சந்தேகத்துக்கு இங்கேதான் வேர் இருக்கிறது என்று அவரைப் படித்தவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ அந்த வேர் வீட்டிலேயே, அப்பாவின் நாக்கிலேயே இருந்ததாகப் படுகிறது.

போருக்குப் பின் விளையாட்டுப் பக்கம். 1922-இல் ஜூலியா ஹார்ப்மனைத் திருமணம் செய்துகொண்டார். நியூயார்க் 'டெய்லி நியூஸ்' நாளிதழில் குற்றச் செய்திகளில் பெயர் வாங்கியிருந்தவர் ஜூலியா. 1925-இல் பெக்லர் 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகைக்குப் போனார். பேப் ரூத், ஜாக் டெம்ப்சி என்று விளையாட்டு வீரர்களைத் தேவர்களாக்கிக் கும்பிட்ட காலம் அது. கிராண்ட்லேண்ட் ரைஸ் போன்றவர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் இதிகாசமாக எழுதினார்கள். பெக்லர் எதிர்ப்பக்கம் நின்றார். இந்தக் குத்துச்சண்டையில் முடிவு முன்கூட்டியே பேசிவைத்ததா, கல்லூரிக் கால்பந்தில் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், மல்யுத்த மேடையில் நடப்பது விளையாட்டா நாடகமா என்று கேட்டார். எழுத்தில் நகைச்சுவை இருந்தது, கண்ணில் கூர்மை இருந்தது. போலியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் மூக்கு அவருக்கு இருந்தது. 1920-களை 'அற்புதமான அபத்தத்தின் யுகம்' என்று அவர் வைத்த பெயர் வரலாற்று நூல்களில் ஏறியது.

1933-இல் ஸ்கிரிப்ஸ்-ஹோவார்டு பத்திரிகைகளின் தலைவர் ராய் ஹோவார்டு அவரை நியூயார்க்கின் 'வேர்ல்டு-டெலிகிராம்' நாளிதழுக்கு அழைத்துக்கொண்டார். விளையாட்டு மட்டுமல்ல, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். பத்தியின் பெயர் 'சரி, நியாயம்தான்'. பிரௌனும் அதே பத்திரிகையில்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஹோவார்டின் கணக்கு எளிமையானது. இடதுசாரி ஒருவர், எதற்கும் மசியாத ஒருவர், இரண்டு பேரும் ஒரே பத்திரிகையில் இருந்தால் வாசகர் இரண்டையும் படிப்பார்.

தொடங்கிய சூட்டிலேயே வம்பு வந்தது. அந்த நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு கும்பல் சிறையை உடைத்து, கடத்தல், கொலைக் குற்றச்சாட்டில் அடைக்கப்பட்டிருந்த இருவரை இழுத்துவந்து மரத்தில் தூக்கிலிட்டது. மாநில ஆளுநரே அந்தக் கும்பலைப் பாராட்டினார். நாடு அதிர்ந்து கண்டித்தபோது, நல்ல காரியம்தான் செய்தார்கள் என்ற தொனியில் பெக்லர் எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. பத்திரிகை விற்றது. சட்டம் பொறுமையாகச் செய்ய வேண்டியதைக் கோபம் உடனே செய்துவிடலாம் என்ற நினைப்பு பெக்லருக்குள் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு அந்தப் பத்தி சாட்சி. பிற்காலத்தில்தான் கெட்டுப்போனார் என்று அவரது அபிமானிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த சான் ஹோசே ஞாபகம் வரும்.

ஆனாலும் 1930-களின் பெக்லரை ஒரே கோட்டில் அடைக்க முடியாது. 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கப் போனார். பனிச்சறுக்கைப் பற்றி எழுதச் சொல்லி அனுப்பினால், ஊரை நிறைத்திருந்த ராணுவச் சீருடைகளைப் பற்றி எழுதினார். பல ராஜதந்திரிகள் ஹிட்லரோடு கைகுலுக்கக் காத்திருந்த ஆண்டு அது. இவர் அங்கே திருவிழாவைப் பார்க்கவில்லை, படைமுகாமைப் பார்த்தார்.

எலினார் ரூஸ்வெல்ட் விஷயமும் அப்படித்தான். அதிபரின் மனைவி 1935 இறுதியில் 'என் நாள்' என்ற தினப்பத்தியைத் தொடங்கினார். அவரும் இப்போது பெக்லருக்குச் சக பத்தியாளர். ஒரு கட்டத்தில் பெக்லர் அவரை வாழும் அமெரிக்கப் பெண்களிலேயே மிகப் பெரியவர் என்று எழுதினார். மக்களின் துன்பத்தை இவ்வளவு நெருங்கி அறிந்தவர், இவ்வளவு பாடுபடுகிறவர் வேறு யார் என்று கேட்டார். சில ஆண்டுகளில் அதே பெண்மணியை 'பெரிய வாய்' என்ற பொருளில் ஸ்பானியப் பட்டப்பெயர் வைத்து வாரக்கணக்கில் ஏசினார். அவருடைய பற்கள், குரல், குழந்தைகள், குடும்ப வருமானம் எதுவும் தப்பவில்லை. இடையில் நடந்தது என்ன? அதிபர் ரூஸ்வெல்ட் 1937-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தனக்கு வேண்டியவர்களை நியமிக்க முயன்றார். வருமான வரி ஏறியது. தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. எலினார் பிரௌனின் பத்திரிகையாளர் சங்கத்தில் உறுப்பினரானார். ஐரோப்பாவில் தான் பார்த்த சர்வாதிகாரம் வாஷிங்டனுக்கும் வருகிறது என்று பெக்லர் நம்பத் தொடங்கினார்.

நம்பிக்கை பிறகு வெறியாயிற்று. 1933 பிப்ரவரியில் மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்டவன், அருகில் நின்ற சிகாகோ மேயர் செர்மாக்கின் உயிரைப் பறித்தான். அவன் சுட்டது தவறான ஆளை என்று பின்னாளில் எழுதும் அளவுக்கு பெக்லரின் வெறுப்பு முற்றியது.

சாதாரண மனிதனின் குரலாகத் தன்னைக் காட்டிக்கொள்ள பெக்லர் ஒரு பாத்திரத்தைப் படைத்தார். பெயர் ஜார்ஜ் ஸ்பெல்வின். நாடக அறிவிப்புத் தாள்களில் உண்மைப் பெயரைச் சொல்ல விரும்பாத நடிகருக்குப் போடும் வழக்கமான பொய்ப்பெயர் அது. வரி கட்டுகிறவன், சங்கத்துக்குச் சந்தா கட்டச் சொல்லி மிரட்டப்படுகிறவன், படித்த மேதாவிகளால் ஏளனம் செய்யப்படுகிறவன். அவனுடைய கடுப்பு நிஜமானது, அதைக் கேட்க அதுவரை பத்திகளில் ஆளில்லை. பெக்லரின் செல்வாக்குக்கு இதுதான் அடித்தளம்.

ஹாலிவுட்டில் ஒரு தரகன்

இனி அவர் வாழ்வின் மிகச் சிறந்த வேலை. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

திரையரங்குகளில் படம் ஓட்டுபவர்கள், ஸ்டுடியோவில் மேடை அமைக்கும் தச்சர்கள், மின்பணியாளர்கள் ஆகியோருக்கு அமெரிக்கா முழுவதும் ஒரு பெரிய தொழிற்சங்கம் இருந்தது. 1934-இல் சிகாகோவின் மாஃபியா கும்பல் அதைக் கைப்பற்றியது. அல் கபோன் சிறைக்குப் போனபின் தலைமை ஏற்ற ஃபிராங்க் நிட்டியின் ஆட்கள் ஜார்ஜ் பிரவுன் என்பவரைத் தலைவராக்கினார்கள். அவருக்குப் பின்னால் நின்று காரியம் நடத்தியவர் வில்லி பயாஃப். பயாஃப் ஹாலிவுட்டுக்குப் போய் ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேசினார். பெரிய ஸ்டுடியோ என்றால் ஆண்டுக்கு 50,000 டாலர், சிறியது என்றால் 25,000. கொடுக்காவிட்டால் ஒரே நாளில் நாட்டின் எல்லாத் திரையரங்கிலும் விளக்கு அணையும். முதலாளிகள் கொடுத்தார்கள், சிலர் சந்தோஷமாகவே கொடுத்தார்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வராமல் இருக்க இது மலிவான விலை. இன்னொரு பக்கம், தொழிலாளர்களின் சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு சங்கச் சிறப்பு வரியாகப் பிடிக்கப்பட்டது. ஆக, இரண்டு பக்கமும் வசூல்.

பயாஃப் யார் என்று ஹாலிவுட்டில் யாருக்கும் தெரியாமல் இல்லை. நடிகர் சங்கத்தின் தலைவராயிருந்த ராபர்ட் மாண்ட்கோமரி துப்பறிவாளர்களை வைத்துத் தகவல் திரட்டியிருந்தார். ஆனால் நாடு முழுக்கக் கேட்கும்படி சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. பெக்லர் சிகாகோவில் வளர்ந்தவர். அங்கே காவல்துறைப் பதிவேடுகள் எங்கே இருக்கும், அதில் யார் பெயர் அழிக்கப்பட்டிருக்கும் என்றெல்லாம் அறிந்தவர். தேடினார், கிடைத்தது. 1922-இல் ஒரு விபசார விடுதி வழக்கில் பயாஃபுக்கு ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. சில நாள் மட்டும் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர் மீதியை அனுபவிக்கவே இல்லை. 1939 நவம்பரில் பெக்லர் இதை அச்சேற்றினார்.

கதை காட்டுத்தீ போலப் பரவியது. 17 ஆண்டு பழைய தண்டனையின் மிச்சத்தை அனுபவிக்க பயாஃப் சிகாகோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1940 ஜனவரியில் இன்னொரு வெடி. கட்டடப் பணியாளர் சங்கத்தின் தேசியத் தலைவர் ஜார்ஜ் ஸ்கலீஸ், பெண்களை விபசாரத்துக்குக் கடத்திய வழக்கில் சிறை சென்றவர் என்ற பழைய உண்மையை பெக்லர் தோண்டியெடுத்தார். நியூயார்க் மாவட்ட வழக்கறிஞர் தாமஸ் டூயி, சங்கப் பணத்தைச் சுருட்டிய வழக்கில் அதே ஆண்டு ஸ்கலீஸைத் தண்டிக்க வைத்தார். 1941-இல் பயாஃபும் பிரவுனும் மத்திய நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பயாஃபுக்குப் பத்தாண்டு. பிறகு அவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 1943 மார்ச்சில், தன் மீது வழக்குத் தாக்கலாகிறது என்று கேள்விப்பட்ட நிட்டி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். பெயரை மாற்றிக்கொண்டு அரிசோனாவில் வாழ்ந்த பயாஃபை 1955-இல் அவர் வண்டியில் வைத்த குண்டு கொன்றது.

1941-க்கான செய்தியாளர் பிரிவு புலிட்சர் பரிசு பெக்லருக்குக் கிடைத்தது. கருத்து எழுதும் பத்தியாளர் ஒருவர் செய்தி சேகரிப்புக்கான பரிசைப் பெறுவது அதற்கு முன் நடந்ததில்லை. முழுக்க முழுக்கத் தகுதியான பரிசு அது. ஆயினும் அந்த வெற்றியிலேயே ஒரு கோணல் தொடங்கியது. பயாஃப் கும்பலிடம் முதலில் ஏமாந்தவர்கள் சங்கத் தொழிலாளர்கள். லஞ்சம் கொடுத்தவர்கள் முதலாளிகள். பெக்லரின் பத்திகளில் இந்த இரண்டு செய்தியும் ஓரத்துக்குப் போயின. 'தொழிற்சங்கம் என்றாலே பயாஃப்' என்ற சித்திரம் மட்டும் நடுவில் நின்றது. எத்தனையோ சிற்றூர்களின் பத்திரிகைகளில் நாள்தோறும் இதைப் படித்த வாசகர்கள், 1947-இல் சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தபோது பெரிதாக வருந்தவில்லை.

1942 பிப்ரவரியில் அவர் எழுதியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. கண்ணியத்துக்குப் பேர்போன பத்தியாளர் வால்டர் லிப்மன் முதலில் எச்சரிக்கை மணி அடித்தார். பெக்லர் அதைப் பிடித்துக்கொண்டு, கலிபோர்னியா ஜப்பானியர்களை ஆண், பெண் பாக்கியில்லாமல் ஆயுதக் காவலில் வைக்க வேண்டும், ஆட்கொணர்வு உரிமை நாசமாய்ப் போகட்டும் என்றார். சில நாட்களில், பிப்ரவரி 19 அன்று, ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். தான் வெறுத்த அதிபரோடு பெக்லர் முழு மனதாக ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான் போலும்.

குருஜிக்குக் கடிதம்

1944-இல் ஹோவார்டை விட்டு ஹெர்ஸ்டிடம் போனார். பத்திக்குப் புதிய பெயர் 'பெக்லர் பார்வையில்'. அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்துக்கு இந்தியத் தொடர்பு உண்டு.

ஹென்றி வாலஸ் 1930-களில் ரூஸ்வெல்ட்டின் விவசாயத் துறைச் செயலர், பிறகு துணை அதிபர். ஆன்மிக நாட்டம் உள்ளவர். இமயமலையில் குலு பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த ரஷ்ய ஓவியர் நிக்கோலாய் ரோரிச் மீது அவருக்கு ஒரு காலத்தில் பெரும் பக்தி. (நடிகை தேவிகா ராணியை மணந்த ஸ்வெதோஸ்லாவ் ரோரிச்சின் தந்தைதான் இவர்.) வறட்சி தாங்கும் புல்வகைகளைத் தேட, ரோரிச்சை அரசுச் செலவில் மஞ்சூரியா, மங்கோலியா பக்கம் அனுப்பினார் வாலஸ். 'அன்புள்ள குரு' என்று விளித்து, அரசியல் தலைவர்களுக்கெல்லாம் சங்கேதப் பெயர் வைத்து எழுதிய கடிதங்கள் வேறு இருந்தன. 1940 தேர்தலின்போதே எதிர்க்கட்சி கைக்கு அவை போய்விட்டன. ஆனால் குடியரசுக் கட்சி வேட்பாளர் வில்கியின் திருமணத்துக்கு வெளியிலான உறவு மறுதரப்புக்குத் தெரிந்திருந்ததால் இரு பக்கமும் வாய் மூடிக்கொண்டன.

1948-இல் வாலஸ் முற்போக்குக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றார். பெக்லர் கடிதங்களைப் பத்தியில் வெளியிட்டார். ஜூலையில் பிலடெல்பியாவில் செய்தியாளர் கூட்டம். இந்தக் கடிதங்களை எழுதியது நீங்களா என்று பெக்லர் எழுந்து கேட்டார். உங்களோடு பேசமாட்டேன் என்றார் வாலஸ். வேறு நிருபர்கள் அதே கேள்வியைக் கேட்டனர். பெக்லரின் கையாட்களுக்குப் பதில் கிடையாது என்றார். கடைசியில் வயதான பத்திரிகையாளர் எச்.எல். மென்கன் எழுந்து, என்னையும் பெக்லரின் கையாள் என்பீர்களா என்று கேட்டபோது அரங்கம் சிரித்தது. மென்கனுக்கும் பதில் கிடைக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால் அன்று பெக்லர் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. கையில் காகிதம் இருந்தது.

அவரைப் பற்றி அதிகாரத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1950 டிசம்பரில் ஒரு வேடிக்கை. அதிபர் ட்ரூமனின் மகள் மார்கரெட்டின் பாட்டுக் கச்சேரியில் சுருதி சுத்தமில்லை என்று 'வாஷிங்டன் போஸ்ட்' விமர்சகர் பால் ஹியூம் எழுதினார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. நேரில் பார்த்தால் மூக்கை உடைப்பேன் என்ற ரீதியில் விமர்சகருக்குக் கடிதம் எழுதினார் அதிபர். சாக்கடைப் பிறவியான பெக்லர்கூட உம் பக்கத்தில் நின்றால் கனவான் என்று அதில் ஒரு வரி.

ஒரு டாலர்

இப்போது பிரௌன் மரணத்துக்கு வருவோம். 1949 நவம்பரில் பிரௌனின் வாழ்க்கை வரலாறு ஒன்று வெளிவந்தது. போர்ச் செய்தியாளராகப் புகழ்பெற்ற குவென்டின் ரெனால்ட்ஸ் 'ஹெரால்டு ட்ரிப்யூன்' பத்திரிகையில் அதற்கு மதிப்புரை எழுதினார். பெக்லர் பொய்யர் என்று எழுதியதால் பிரௌன் தூக்கமிழந்தார், அதுவே அவரை முடித்தது என்ற பொருளில் சில வரிகள் அதில் வந்தன.

ஒன்பது நாளில் பெக்லரின் பதில் அச்சானது. பிரௌனைக் கொன்றவன் நானா இல்லையா என்று அவர் வாதிடவில்லை. ரெனால்ட்ஸ் கோழை, போர்முனையில் இல்லாமலே போர்ச் செய்தியாளர் பட்டம் சுமந்தவர், போரில் காசு பார்த்தவர், பிரௌன் வீட்டில் நிர்வாணமாகத் திரிந்தவர் என்று அடுக்கினார். பிரௌனின் சவ ஊர்வலத்தில் கல்லறைக்குப் போகும் வண்டியிலேயே அவரது விதவையிடம் 'என்னைக் கட்டிக்கொள்' என்று கேட்டார் என்பது உச்சம்.

ரெனால்ட்ஸ் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கறிஞர் லூயிஸ் நைசர். 1954-இல் நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில், நீதிபதி எட்வர்டு வைன்ஃபெல்டு முன் விசாரணை நடந்தது. அதே வாரங்களில் வாஷிங்டனில், கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டிய செனட்டர் மெக்கார்த்தியின் கதையும் தொலைக்காட்சி விசாரணையில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. யாரையும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்ற ஒரு காலம் இரண்டு நகரங்களில் ஒரே சமயத்தில் கூண்டேறியது.

பிரௌனின் மனைவி கோனி சாட்சி சொன்னார். கல்லறைக்குப் போகும் வண்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1942-இல் ஃபிரான்சின் டியப் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டும் பிடிபட்டும் போன தாக்குதலின்போது ரெனால்ட்ஸ் அங்கே கப்பலில் இருந்தவர் என்பது நிறுவப்பட்டது. கோழை என்ற வாதம் அதோடு சரிந்தது. பிறகு பெக்லரே சாட்சிக் கூண்டில் ஏறினார். நைசர் அவரை நாட்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார். அதில் ஒரு கட்டம் சட்ட மாணவர்கள் இன்றும் ரசிப்பது. யார் எழுதியது என்று சொல்லாமல் நைசர் சில பகுதிகளை வாசித்து, இது கம்யூனிஸ்ட் பிரசாரமா என்று கேட்டார். ஆமாம் என்றார் பெக்லர். எல்லாம் பெக்லரே பழைய காலத்தில் எழுதியவை.

ரெனால்ட்ஸும் புனிதர் இல்லை. முந்தைய ஆண்டுதான் கனடாக்காரர் ஒருவரின் உளவுச் சாகசக் கதையை நம்பி ஒரு முழுப் புத்தகம் எழுதி, அத்தனையும் கட்டுக்கதை என்று அம்பலமாகி, பதிப்பாளர் அதைப் புனைகதைப் பிரிவுக்கு மாற்றும்படி ஆனவர். பெக்லர் அதற்குப் பிறகு எழுதியிருந்தால் கேலி செய்ய உண்மையிலேயே ஒரு விஷயம் கிடைத்திருக்கும். 1949-இல் அவர் கையில் இருந்தது வம்புப் பேச்சு மட்டும்.

நடுவர்கள் ரெனால்ட்ஸுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடாக ஒரே ஒரு டாலர் கொடுத்தார்கள். தண்டனை இழப்பீடு தனி. பெக்லர் ஒரு லட்சம் டாலர், பத்தியை வெளியிட்ட பத்திரிகை நிறுவனம் 50,000, ஹெர்ஸ்ட் தாய் நிறுவனம் 25,000. ஆக 1,75,001 டாலர். அவதூறு வழக்குகளில் அதுவரை விதிக்கப்பட்ட தண்டனை இழப்பீடுகளில் இதுவே பெரிது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. எழுதியவரோடு நிறுத்தாமல், எழுதியதை விற்றவர்களையும் நடுவர்கள் தண்டித்தார்கள். என் பார்வையில் இந்தத் தீர்ப்பின் சிறப்பு அதுதான். பெக்லர் ஒரு தனி மனிதரின் வாய் மட்டுமல்ல, நாள்தோறும் பணம் ஈட்டித் தந்த சரக்கு என்பதைப் பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நைசரின் நினைவுநூலில் முதன்மையான இடம்பெற்ற இந்த வழக்கு, 1963-இல் 'எ கேஸ் ஆஃப் லைபல்' என்ற நாடகமாக பிராட்வே மேடையேறியது.

பிறகு சறுக்கல்தான், அதை நீட்ட வேண்டியதில்லை. 1955-இல் ஜூலியா இறந்தார். அதன்பின் செய்த ஒரு திருமணம் விரைவிலேயே முறிந்தது, மூன்றாவது நிலைத்தது. பத்திகளில் யூத வெறுப்பு வெளிப்படையாயிற்று. 1962-இல் டல்சா நகரில் ஒரு வலதுசாரிக் கூட்டத்தில் தன் முதலாளிகளான ஹெர்ஸ்ட் அதிகாரிகளையே தாக்கிப் பேசினார், ஒப்பந்தம் முடிந்தது. கம்யூனிஸ்ட் பூதம் எங்கும் தெரிந்த ஜான் பர்ச் சங்கத்தின் மாத இதழில் எழுதினார். அவர்களாலேயே தாங்க முடியாமல் நிறுத்தினார்கள். அதற்கும் கீழே தெற்கின் நிறவெறி அமைப்பொன்றின் பத்திரிகைக்குப் போனார். 1965-இல் ராபர்ட் கென்னடியின் மூளையைத் தென்மாநில வெள்ளைத் தேசபக்தர் ஒருவர் பொது இடத்தில் சிதறடிப்பார் என்று ஆசைப்பட்டு எழுதினார். கென்னடி 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் சுடப்பட்டு இறந்தார். பெக்லர் 1969 ஜூன் 24 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் இறந்தார்.

2008 செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு. துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், நேர்மையும் கண்ணியமும் உள்ள நல்லவர்களைச் சிற்றூர்களே வளர்க்கின்றன என்று 'ஓர் எழுத்தாளர்' ஹாரி ட்ரூமனைப் போற்றிச் சொன்னதாக மேற்கோள் காட்டினார். மண்டபம் கை தட்டியது. பெயரைச் சொல்லவில்லை. அந்த எழுத்தாளர் பெக்லர் என்று பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்து எழுதியபோதுதான் புதிய தலைமுறை அவர் பெயரைக் கேள்விப்பட்டது.

அமெரிக்க வலதுசாரிகளில் அவரை மெச்சியவர்களும் உண்டு. வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லி 2004-இல் 'நியூயார்க்கர்' இதழில் பெக்லரின் நடைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்தார். நடை நல்ல நடைதான், மறுக்க முடியாது. ஆனால் பயாஃபை வீழ்த்தியது அந்த நடை அல்ல; சிகாகோ காவல்துறையின் பதிவேட்டில் இருந்த பழைய வரி. அப்படி ஒரு வரியைத் தேடிப்போகும் வழக்கத்தை பெக்லர் விட்டுவிட்டார், வாங்கி விற்றவர்கள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அடுத்த இதழில், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1934-இல் வெளியேற்றப்பட்ட பத்தியாளர் டாரதி தாம்சன்.

(தொடரும்)